சிறுநீரகம் மாற்றிய பிள்ளைக்கு வீட்டுக்கே வந்து ரத்தம் எடுக்கும் சேவை: நாகர்கோவில் வட்டார மதிப்பீடு

நாகர்கோவில், தக்கலை, மார்த்தாண்டம் பகுதிகளில் ஆய்வகங்கள் வீட்டுக்கே ஆள் அனுப்பி ரத்தம் எடுக்கின்றன. எதிர்ப்புச் சக்தியை மருந்தால் குறைத்து வைத்திருக்கும் பிள்ளையைக் காய்ச்சல்காரர்கள் நிறைந்த காத்திருப்பு அறையில் உட்கார வைக்க வேண்டியதில்லை. இந்த ஒரு காரணத்துக்காகவே ஐந்துக்கு மூன்று தாராளமாகக் கொடுக்கலாம். மீதி இரண்டு எங்கே போயிற்று என்பதைத்தான் பெற்றோர் தெரிந்துகொள்ள வேண்டும்.

முதல் கோளாறு நேரம். மாற்றிய சிறுநீரகத்தை உடல் எதிர்க்காமல் இருக்கத் தரும் டாக்ரோலிமஸ் மருந்து ரத்தத்தில் எவ்வளவு இருக்கிறது என்று பார்க்க, முந்தைய வேளை மருந்து கொடுத்துப் பன்னிரண்டு மணி நேரம் கழித்து, அடுத்த வேளைக்கு முன் ரத்தம் எடுக்க வேண்டும். இரவு 8 மணிக்குக் கொடுத்தால் காலை 8 மணிக்கு ஊசி, அதன் பிறகே மருந்து. மார்த்தாண்டம் நெரிசலில் சிக்கி ஆள் ஒன்பதரைக்கு வந்து சேர, அதற்குள் வீட்டில் மருந்தைக் கொடுத்திருந்தால் அளவு பொய்யாக உயர்ந்து காட்டும். அதை நம்பி மருந்தைக் குறைத்தால், சிறுநீரகத்தை உடல் நிராகரிக்கும் ரிஜெக்‌ஷனுக்கு நாமே வழி திறந்துவிட்டதாக ஆகும். அன்றைய முதல் நேரத்தையே பதிவு செய்யுங்கள். கடைசி வேளை மருந்து கொடுத்த நேரமும் ரத்தம் எடுத்த நேரமும் ரிப்போர்ட்டில் வர வேண்டும் என்று கேளுங்கள். கேட்காவிட்டால் பெரும்பாலும் எழுத மாட்டார்கள்.

குழாய் ஊதா மூடி போட்டதாக இருக்க வேண்டும். டாக்ரோலிமஸ் சிவப்பணுக்களில் ஒட்டியிருப்பதால் முழு ரத்தத்தில்தான் அளப்பார்கள். எடுத்ததும் குழாயை எட்டுப் பத்து தடவை மெல்லத் தலைகீழாகக் கவிழ்த்து நிமிர்த்த வேண்டும். இதைச் செய்யாமல் பையில் போட்டால் ரத்தம் உறைந்து, பிள்ளைக்கு மறுபடியும் ஊசி. இன்னொன்று, மருந்தின் அளவைப் பார்க்க ஆய்வகங்கள் வெவ்வேறு முறைகளைக் கையாளுகின்றன; இம்யூனோஅஸே முறை மாஸ் ஸ்பெக்ட்ரோமெட்ரி முறையை விடச் சற்றுக் கூடுதலாகக் காட்டுவது வழக்கம். ஆகவே ஆய்வகத்தை மாற்றி மாற்றிப் பார்த்தால் எண்களை ஒப்பிட முடியாது. வயிற்றுப்போக்கு இருந்தாலும் அளவு ஏறும். பம்ளிமாஸ் பழம் சாப்பிட்டாலும் ஏறக்கூடும்.

இந்தச் சேவையின் பெரிய குறை கிரியாட்டினின் ரிப்போர்ட்டில் இருக்கிறது. கிரியாட்டினின் என்பது தசையிலிருந்து வந்து சிறுநீரகம் வெளியேற்றும் கழிவு. பக்கத்தில் அச்சிடும் இயல்பு வரம்பு பெரியவர்களுக்கானது. வழக்கமாக 0.5 இருக்கும் பிள்ளைக்கு 0.7 வந்தால் அது நாற்பது சதவீத உயர்வு. ரிப்போர்ட்டிலோ நட்சத்திரக் குறி எதுவும் இருக்காது, ‘நார்மல்’ என்று வாட்ஸ்அப்பில் வந்து நிற்கும். சின்னப் பிள்ளைக்குத் தசை குறைவு. பெரியவர் ஒருவரின் சிறுநீரகம் வைத்திருந்தால் அதன் திறனும் உடலுக்கு மிஞ்சியதாக இருக்கும். இதனால் பாதிப்பு தொடங்கி வெகுநாள் கழித்தே கிரியாட்டினின் ஏறும். ரிஜெக்‌ஷனில் வலியோ காய்ச்சலோ இல்லாமலே போவதும் சாதாரணம். பழைய எண்களை ஒரே நோட்டில் வரிசையாக எழுதி வையுங்கள். கால் பங்கு கூடினாலே அன்றைக்கே மாற்று அறுவை செய்த மையத்துக்குச் சொல்லுங்கள். கிரியாட்டினினைக் குறைந்த அளவுகளில் அளக்க ஜாஃபே முறையை விட என்சைமேட்டிக் முறை நம்பகமானது. எது பயன்படுத்துகிறார்கள் என்று விசாரியுங்கள்.

பொட்டாசியம் திடீரென உயர்ந்திருந்தால், சிறு ரத்தநாளத்தில் இழுத்து எடுத்ததில் சிவப்பணு உடைந்து அதிலிருந்த பொட்டாசியம் கலந்ததா என்றும் பார்க்க வேண்டும். ஆனால் அப்படித்தான் இருக்கும் என்று விட்டுவிடாமல் உடனே மறுபடி எடுக்கச் சொல்லுங்கள்.

ரிஜெக்‌ஷன் என்று உறுதி செய்வது இந்த ஆய்வகங்களின் வேலை அல்ல. நீரிழப்பு, சிறுநீர்த் தொற்று, மாற்றிய சிறுநீரகத்தைத் தாக்கும் பிகே வைரஸ், டாக்ரோலிமஸ் மிகுதி, சிறுநீர்க் குழாய் அடைப்பு எல்லாமே கிரியாட்டினினை ஏற்றும். மையத்தில் ரத்த ஓட்டத்தைக் காட்டும் டாப்ளர் ஸ்கேன், தானம் தந்தவருக்கு எதிரான ஆன்டிபாடி சோதனை எல்லாம் பார்த்து, சிறுநீரகத்தில் சிறு துண்டு எடுத்துப் பார்க்கும் பயாப்ஸி செய்வார்கள். இந்தத் துண்டுகளை மதிப்பிடும் சர்வதேச பான்ஃப் முறைப்படி பத்து குளோமெருலஸும் (ரத்தத்தை வடிகட்டும் நுண்முடிச்சு) இரண்டு தமனியும் கிடைத்தால்தான் அந்தத் துண்டு போதுமானது. சிறுநீரகத்தைத் தாக்குவது டி செல் என்னும் வெள்ளணு வகையா, ஆன்டிபாடி வகையா என்பது அதில்தான் தெரியும். சிகிச்சையும் அதற்கேற்ப மாறும்.

காய்ச்சல், சிறுநீர் குறைவு, சிறுநீரகம் வைத்த இடத்தில் வலி, ஓரிரு நாளில் எடை ஏறுதல், ரத்த அழுத்தம் உயர்தல் இவற்றில் ஒன்று வந்தாலும் வீட்டுச் சேவைக்குப் பதிவு செய்துவிட்டுக் காத்திருக்காதீர்கள். மையத்தைக் கூப்பிட்டுவிட்டு வண்டி ஏறுங்கள், மருந்துப் பட்டியலும் அந்த நோட்டும் கையில் இருக்கட்டும்.