டேம்பர் ‘ஃபுல் ரீபில்ட்’ என்று பில் வந்தால் பழைய ஓ-ரிங்கைக் கேட்டு வாங்குங்கள்

ஷார்ஜா பக்கம் குவாட் பைக் (நாலு சக்கர மணல் பைக்) வைத்திருப்பவர்களுக்கு, அதுவும் படாயர் மணலுக்குப் போகிறவர்களுக்கு இது.

யமஹா ராப்டர் 700 ஒன்றில் வெளியில் வாங்கிப் பூட்டிய ரோட்டரி ஸ்டியரிங் டேம்பர், ஹாண்டில் உதறலை எண்ணெயால் அடக்கும் கருவி. இண்டஸ்ட்ரியல் ஏரியா கேரேஜ் ஒன்றில் ‘ஃபுல் ரீபில்ட்’, அதாவது முழுக்கப் பிரித்து சீலும் எண்ணெயும் மாற்றும் வேலை, ஆகி வந்தது. சீல் கிட், ஆயில், லேபர் என்று 450 திர்ஹாம் பில். கையால் திருப்பினால் கிண்ணென்று இருந்தது. மணலில் இருபது நிமிஷம் ஓடியதும் ஹாண்டில் பழையபடி உதறல், மூடியோரம் எண்ணெய்க் கசிவு.

மூடியைக் கழற்றியதும் மூக்கில் ஏறியது கந்தக நாற்றம். உள்ளே கியர் ஆயில்! டேம்பருக்கு ஊற்றும் மெல்லிய ஃபோர்க் ஆயிலுக்கு அந்த வாசனை கிடையாது. எண்ணெய் கசியாமல் அடைக்கும் ரப்பர் வளையமான ஓ-ரிங் எதுவும் புதிதில்லை. புது ஓ-ரிங்கை வெட்டினால் குறுக்குவெட்டு வட்டமாக இருக்கும். இவை அழுந்தி அழுந்திச் சதுரமாகவே ஆகிவிட்டன. மூடி விளிம்பில் சாம்பல் நிற சீலன்ட் புழு மாதிரி பிதுங்கி நின்றது. அதில் ஒரு துணுக்கு உடைந்து எண்ணெய் ஓட்டத்தைக் கூட்டிக்குறைக்கும் நீடில் வால்வு துவாரத்திலேயே போய் உட்கார்ந்திருந்தது.

ஏன் கையில் டைட்டாக இருந்தது? டேம்பருக்குள் இருப்பது ஒரு இறக்கை. ஹாண்டில் திரும்பும்போது அது எண்ணெயை ஒரு பக்கத்திலிருந்து மறுபக்கம் சின்னத் துவாரம் வழியாகத் தள்ளுகிறது. இறக்கை சீல் தேய்ந்தால் எண்ணெய் துவாரத்துக்குப் போகாமல் ஓரமாகவே நழுவிவிடும். கெட்டி எண்ணெயை ஊற்றினால் குளிராக இருக்கும்வரை அந்த நழுவல் தெரியாது. சூடு 40 டிகிரியிலிருந்து 100 டிகிரிக்குப் போனால் கியர் ஆயிலின் கெட்டித்தன்மை பத்தில் ஒரு பங்காகிவிடும், ஏமாற்றும் வெளிப்பட்டுவிடும். கவுன்ட்டரில் கையால் திருப்பிக் காட்டுவதெல்லாம் ரீபில்டுக்குச் சாட்சியே இல்லை.

ஒழுங்கான வேலை எப்படி இருக்கும்? முதலில் இறுக்கத்தைக் கூட்டிக்குறைக்கும் அட்ஜஸ்டரைக் கடிகாரச் சுற்றில் முழுக்க மூடி, எத்தனை கிளிக் என்று எழுதிக்கொண்டுதான் கழற்றவேண்டும். ஓ-ரிங் அளவை வெர்னியரில் எடுக்கவேண்டும். இங்கேதான் நல்ல மெக்கானிக்கே சறுக்குவார். அமெரிக்கத் தயாரிப்பு என்றால் ரிங்கின் தடிமன் பெரும்பாலும் இஞ்ச் கணக்கு, 1.78 அல்லது 2.62 மில்லிமீட்டர். கடை டப்பாவில் இருப்பதோ 1.5, 2, 2.5 என்று மெட்ரிக். 1.78 காடியில் 1.5 போட்டால் கசியும். 2 போட்டால் இறுகிச் சிக்கி, ஹாண்டில் விட்டு விட்டுத் திரும்பும். ஷாஃப்டை எமரி பேப்பரால் தேய்த்துப் பளபளப்பாக்குவதும் வேண்டாம். அந்தக் கீறல்களே புது சீலை அரம் போல அறுத்துவிடும்.

எண்ணெய், தயாரிப்பாளர் சொன்ன மெல்லிய ரகம்தான். ஊற்றினால் மட்டும் போதாது. வால்வுகளை முழுக்கத் திறந்து, வேக்குவம் பிடித்து, இறக்கையை மெதுவாக இருபுறமும் ஆட்டி, குமிழி வருவது நிற்கும்வரை காற்றெடுக்கவேண்டும். இதற்குப் பொறுமை வேண்டும், அவசரக் கடைகளில் முதலில் காணாமல்போவது இந்த வேலைதான். சிரிஞ்சில் ஊற்றி மூடிவிடுகிறார்கள். காற்று மிச்சம் இருந்தால் திசை மாற்றும் நொடியில் கொஞ்ச தூரம் எதிர்ப்பே இல்லாமல் ஹாண்டில் நழுவும். கழற்றிய டேம்பரின் லிங்க் ஆர்மை (இறக்கையைத் திருப்பும் கை) மெல்ல இடவலமாக ஆட்டினாலே அந்த வெற்றிடம் விரலில் தெரியும்.

இதற்கு நேரெதிர்த் தப்பும் உண்டு. 100 மில்லி எண்ணெய் 50 டிகிரி சூடேறினால் 3.5 மில்லி அளவுக்கு விரியும். அதற்காகவே ஸ்பிரிங் வைத்த சின்ன பிஸ்டன் உள்ள மாடல்களில், அதை முழுக்க அமுக்கிவைத்து எண்ணெயை நிரப்பினால் ஆகஸ்ட் வெயிலில் சீலைத் தள்ளிக்கொண்டு வெளியே வரும்.

இன்னொன்று. அந்த வண்டியில், ஸ்டியரிங்கை முன்சக்கரத்தோடு இணைக்கும் டை ராடின் முனையிலேயே ஆட்டம் இருந்தது. முன்சக்கரத்தைத் தூக்கி, டயரை 9 மணி, 3 மணி நிலையில் பிடித்து அசைத்தால் ஒரு நிமிஷத்தில் தெரிந்திருக்கும். யாரும் அசைத்துப் பார்க்கவில்லை. டை ராடும் ஸ்டியரிங் தண்டின் புஷ்ஷும் லூஸாக இருக்கும்போது டேம்பரை இறுக்கினால் அந்த ஆட்டம் மறைந்துபோகும். ராட் கழன்று விழும் நாளில்தான் வெளியே வரும்.

வேலைக்குக் கொடுக்கும்போதே மூன்று விஷயம் பேசிவிடுங்கள்: பழைய ஓ-ரிங் எல்லாம் கவரில் திரும்ப வரவேண்டும், எண்ணெய் பாட்டிலின் லேபிள் போட்டோ வேண்டும், காற்றெடுக்கும்போது வீடியோ வேண்டும். “அதெல்லாம் குப்பைல போட்டாச்சு பாய்” என்று சொல்கிற இடத்தில் டேம்பரைக் கழற்றவே விடாதீர்கள்.

பழைய ரிங்குகளைக் கொண்டுபோய்க் காட்டியதும் கடைக்காரர் 150 திர்ஹாம் திருப்பிக் கொடுத்தார், “ஆயில் காசு” என்று சொல்லி. சீல் கிட்டுக்கும் லேபருக்கும் போட்ட 300 இன்னும் அவரிடம்தான் இருக்கிறது.