விக்டோரினொக்ஸ் கடெற்: உப்புக்காற்றுக்கு ஏற்ற பேனாக்கத்தி

மடித்தால் 84 மில்லிமீற்றர் நீளம், எடை 46 கிராம். உள்ளே ஆறு சென்ரிமீற்றர் அளவான அலகு ஒன்று, டின் வெட்டி ஒன்று, போத்தல் திறப்பான் ஒன்று, நகம் தேய்க்கும் அரம் ஒன்று. ஓரத்தில் சாவி வளையம். சுவிஸ் கொம்பனியான விக்டோரினொக்ஸின் கடெற் என்றால் இவ்வளவுதான். ஒரு பக்கம் கடலும் மறுபக்கம் வாவியுமாகக் கிடக்கிற எங்கள் கிழக்கிலங்கை ஊர்களில், காற்சட்டைப் பையில் நெடுகிலும் வைத்திருக்க எந்தப் பேனாக்கத்தி நல்லது என்று கேட்பவர்களுக்கு முதலில் காட்ட வேண்டியது இதைத்தான். கூர்மையில் இதை வெல்லும் கத்திகள் பல உண்டு. உப்பு, மணல், வியர்வை மூன்றையும் தாங்கி, கழுவிவிட்டால் பழையபடி 'டக்' என்று மடங்குகிற கத்திகள் குறைவு.

இது ஸ்லிப் ஜொயின்ற் வகை, அதாவது திறந்த அலகைப் பூட்டும் லொக் இல்லாதது. அலகின் அடிக்கட்டை சதுரமாக வெட்டப்பட்டிருக்கும். பிடியின் முதுகோடு ஓடும் எஃகு வில் அந்தத் தட்டையான முகத்தை அழுத்திப் பிடிக்கிறது. திறந்த நிலையிலும் மூடிய நிலையிலும் அலகை நிறுத்துவது அந்த அழுத்தம் மட்டுமே. வெட்டும்போது பாரம் வாய்ப்பக்கம் விழுவதால் அலகு இன்னும் இறுகி நிற்கும். முதுகுப்பக்கம் பாரம் விழுந்தால் விரல்மேல் மடங்கும். எனவே குத்துவது, துளைப்பது, நெம்புவது மூன்றும் கூடாது. விரலில் காயம் வருவதெல்லாம் பெரும்பாலும் இந்த மூன்றில் ஒன்றால்தான். மூடும்போதும் அலகின் பாதையில் விரலை வைக்காமல், இரண்டு பக்கப் பிடியையும் ஒரு கையால் பிடித்து, மற்றக் கையின் உள்ளங்கையால் முதுகைத் தள்ளுங்கள்.

வாங்கும்போது கடையிலேயே பார்க்க வேண்டியவை உண்டு. அலகைத் திறந்து நுனியை இரண்டு விரலால் பிடித்துப் பக்கவாட்டில் ஆட்டுங்கள். மயிரிழை அசைவைப் பொறுக்கலாம், கண்ணுக்குத் தெரியும் ஆட்டம் என்றால் அலகைப் பிடியோடு சேர்க்கும் ஆணி சரியாக இறுக்கப்படவில்லை. அதைக் கையில் எடுக்கவே வேண்டாம். மூடிய கத்தியை வெளிச்சத்துக்கு நேரே பிடித்தால் அலகின் நுனி பிடிக்குள் முழுதாக அடங்கியிருக்க வேண்டும். நுனி துருத்தினால் பையையும் தொடையையும் கிழிக்கும். நல்ல வில் கடைசி அங்குலத்தில் அலகைத் தானே இழுத்து மூடும். சோம்பலாக மூடுவது தளர்ந்த வில். கடெற்றின் பிடியில் பற்குச்சியும் சாமணமும் கிடையாது. இவை இரண்டும் சொருகியிருக்கும் ஒன்றைக் கடெற் என்று காட்டினால் அது வேறு மொடல், அல்லது போலி. அலகின் அடியில் கொம்பனிப் பெயர் தெளிவாகப் பதிந்திருக்கிறதா என்பதையும் பாருங்கள்.

பிடி அலுமினியம், மேலே சொரசொரப்பான சதுரக் கோடுகள். அலொக்ஸ் என்று சொல்வது இதைத்தான். 1961இலிருந்து சுவிஸ் படைவீரர்களுக்குக் கொடுக்கப்பட்ட கத்தியின் பிடியும் இதே வகைதான். வியர்த்த கையிலும் மீன்பட்ட கையிலும் வழுக்காது. ஆனால் உலோகம் என்பதை மறக்கக்கூடாது, மின்சாரத்தைக் கடத்தும். பிளக் கழற்ற டின் வெட்டியின் நுனி ஸ்குரூ டிரைவராக உதவும். மெயின் சுவிட்சை நிறுத்தாமல் கை வைக்காதீர்கள்.

மரப்பிடி விரும்புபவர்கள் பிரான்சின் ஒபினெல் 6ஐக் கேட்பார்கள். அது அழகான கத்தி, அலகு மெல்லியது, மாங்காய் சீவ அதைவிட இனிமையானது இல்லை. 1955இல் வந்த வளைய லொக்கும் அதில் இருக்கிறது, ஆகவே அது ஸ்லிப் ஜொயின்ற் அல்ல. மாரியில்தான் சிக்கல். ஈரத்தில் மரம் ஊதி அலகை இறுக்கிக்கொள்ளும், நகத்தால் இழுத்தாலும் வராது. அதன் கார்பன் எஃகு அலகு தேசிக்காய் பட்டால் கறுக்கும், கழுவாமல் விட்டால் வாவிக்கரையில் விடியுமுன் துரு பிடிக்கும். பராமரிக்கப் பொறுமை உள்ளவர்களுக்கு அது சரி. மற்றவர்களுக்குக் கடெற்.

கடெற்றின் எஃகு துருப்பிடிக்காத வகை, கடினம் ரொக்வெல் அளவில் சுமார் 56. மிகக் கடினமானது அல்ல. கூர் சீக்கிரம் மழுங்கும், அதேபோல் சீக்கிரம் தீட்டவும் வரும். உரப்பை, அரிசிப்பை வாய்த் தையல், சீமெந்துப் பை, தயிர்ச்சட்டிக் கயிறு, பொதி நாடா, பழம் எல்லாம் இலகுவாக வெட்டும். பைத் தையலை நடுவில் அறுக்காமல் ஒரு முனையில் முடிச்சை மட்டும் வெட்டி இழுங்கள். சங்கிலித் தையல் ஒரு முனையிலிருந்து சரசரவென்று உருவிவரும், மறுமுனையிலிருந்து இறுகும். இறுகினால் எதிர்முனைக்குப் போனால் சரி, பையும் கிழியாது. வேளாண்மைக் காலத்தில் இந்தப் பைகள் திரும்பவும் தேவைப்படும். தங்கூசியையும் நைலோன் கயிற்றையும் தொங்கவிட்டு அறுக்காமல் மடித்து இழுத்துப் பிடித்து உள்ளிருந்து வெளியே வெட்டினால் ஒரே இழுவையில் போகும். சிரட்டை, எலும்பு, தென்னம்மட்டை பக்கம் போகவே கூடாது, வாய் மடங்கிவிடும். டின் மீன் திறக்கும்போது கொக்கியை விளிம்பில் மாட்டி முன்பக்கமாகச் சிறிது சிறிதாக நகர்த்துங்கள். பின்னோக்கி இழுப்பவர்கள்தான் இந்த டின் வெட்டி உதவாது என்கிறார்கள்.

இனிச் சுத்தம் செய்வது. துருப்பிடிக்காத எஃகு என்றால் துருவே பிடிக்காது என்று பலர் நம்புகிறார்கள். அதன் மேலிருக்கும் குரோமியப் படலத்தை உப்பு குத்திக் குத்திச் சிறு குழிகளாக்கும், ஆணியைச் சுற்றியும், அலகைத் திறக்க நகம் வைக்கும் குழியிலும் முதலில் தெரியும். கல்லடிக் கடற்கரையிலோ பொத்துவிலிலோ நின்றுவிட்டு வந்த அன்றே கழுவுங்கள். மணல் அதைவிடக் கெட்டது. குவார்ட்ஸ் மணல் இந்த எஃகைவிடக் கடினமானது. மூட்டுக்குள் ஒரு சிட்டிகை போனாலும் ஒவ்வொரு திறப்பிலும் அடிக்கட்டையைக் கீறும். கரகரவென்ற சத்தம் கேட்டால் அதற்குமேல் திறந்து மூடாமல் கழுவ வேண்டும்.

எல்லா அலகையும் பாதி திறந்து, இளஞ்சூட்டு நீரில் ஒரு துளி பாத்திரச் சவர்க்காரம் கலந்து, கத்தியை முழுதாக அமிழ்த்துங்கள். நீருக்குள்ளேயே ஒவ்வொரு அலகையும் பத்துத் தடவை திறந்து மூடினால் மணல் கழன்றுவிடும். பழைய பல்துலக்கியால் மூட்டைத் தேய்த்து, நல்ல தண்ணீரில் அலசி, உதறி, துடைத்து, திறந்தபடி ஒரு மணித்தியாலம் நிழலில் வைத்து விடுங்கள். பிறகு ஒவ்வொரு மூட்டுக்கும் ஒரே ஒரு துளி எண்ணெய். தேங்காய் எண்ணெய் கைக்கெட்டும் தூரத்தில் இருப்பதால் எல்லோரும் அதையே விடுகிறார்கள். நாள்பட அது சிக்குப்பிடித்துத் தூசியைச் சேர்க்கும். தையல் மெஷின் எண்ணெய் போதும். தையற்காரர்கள் இருக்கும் எந்த ஊரிலும் கிடைக்கும். பழம் வெட்டுபவர்கள் மருந்துக்கடையில் விற்கும் லிக்விட் பாரபினைப் பாவிக்கலாம். தேங்காய் எண்ணெய்க்கு இங்கு ஒரு வேலை உண்டு: அலகில் ஒட்டிய பலாப்பாலை அதுதான் கழற்றும். தடவித் துடைத்துவிட்டுச் சவர்க்காரம் போடுங்கள்.

தீட்ட 1000 இலக்கக் கல் ஒன்று இருந்தால் வேறெதுவும் வேண்டாம். பக்கத்துக்கு 15 முதல் 20 பாகை. அலகின் அகலத்துக்குக் கணக்குப் பார்த்தால், முதுகு கல்லிலிருந்து மூன்று, நான்கு மில்லிமீற்றர் உயர்ந்து நிற்க வேண்டும். ஒரு பக்கம் பத்து இழுவை, மறுபக்கம் பத்து. விரலை முதுகிலிருந்து வாய்ப்பக்கமாக மெல்லத் தடவினால் பிசிறு, அதாவது வாயில் திரளும் மெல்லிய உலோக விளிம்பு, தட்டுப்படும். அது அலகின் முழு நீளத்துக்கும் வந்த பின் பாரத்தைக் குறைத்து மாறி மாறி ஐந்து இழுவை, கடைசியில் தோல் பெல்ட்டின் உட்புறத்தில் முதுகு முன்னே போகும்படி இழுத்தால் பிசிறு போய்விடும். இதற்குமேல் மினுக்கினால் தக்காளிக்கு நல்லது, நைலோனில் வழுக்கும். கல் இல்லாவிட்டால் பீங்கான் கோப்பையின் அடியில் பூச்சில்லாத வளையம் அவசரத்துக்கு உதவும். சாணைச் சில்லில் மட்டும் கொடுக்க வேண்டாம். மெல்லிய அலகு நொடியில் சூடேறி, வாய் நீலம் பாய்ந்து, பதம் போய்விடும். பிறகு எவ்வளவு தீட்டினாலும் கூர் நிற்காது.

தோல் உறையில் வைத்துப் பூட்டாதீர்கள், மாரியில் தோல் ஈரத்தைப் பிடித்துப் பூஞ்சணம் கட்டும். சாரம் உடுத்திருக்கும்போது மடியில் செருகினால் விழுந்துவிடும். வளையத்தில் ஒரு கயிறு கட்டி அரைஞாணில் மாட்டுவது நிச்சயமானது. நாணயங்களும் சாவிக்கொத்தும் இருக்கும் பையில் போட்டால் பிடி கீறுப்படும், அது பார்வைக்குத்தான், வேலைக்கு ஒன்றும் ஆகாது. பொருளிலோ செய்கையிலோ பிழை இருந்தால் கொம்பனி ஆயுள்கால உத்தரவாதம் தருகிறது. நெம்பி முறித்த நுனிக்கு அது பொருந்தாது. நீதிமன்றத்துக்கும் பரீட்சை மண்டபத்துக்கும் போகும் நாளில் வீட்டிலேயே வைத்துவிடுங்கள். கட்டாரிலிருந்தோ சவூதியிலிருந்தோ வரும் உறவினரிடம் சொல்லி வாங்குவிப்பவர்கள், கத்தியைக் கைப்பையில் வைக்காமல் விமானத்தில் ஏற்றும் பெட்டிக்குள் போடும்படி முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.