பூனைப் பெட்டிக்கு வைஃபை: ரிப்பீட்டரா, மெஷ்ஷா, ஒயரா?

கோத்தகிரியில் பூனை வளர்ப்பவர்களுக்கு நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. பொழுது சாய்ந்ததும் கதவைச் சாத்திவிட வேண்டும். தேயிலைத் தோட்டத்தை ஒட்டிய வீடு என்றால் சிறுத்தை வந்து போவது பெரிய செய்தியே இல்லை. நாயையே கவ்விக்கொண்டு போகிறது, பூனை எம்மாத்திரம்? அதனால் எங்கள் மிளகும் வர்க்கியும் முழுநேரமும் வீட்டுக்குள்தான். எனக்கு வாரத்தில் நான்கு நாள் கோவையில் வேலை. அம்மாவுக்கு முட்டிவலி, குனிந்து மண் அள்ள முடியாது. பூனை கழிப்பதைத் தானே சுத்தம் செய்யும் ஸ்மார்ட் லிட்டர் பாக்ஸ் எங்கள் வீட்டுக்கு வந்த கதை இவ்வளவுதான்.

பெட்டி நன்றாகவே வேலை செய்கிறது. பூனை இறங்கிப் போன சில நிமிடங்களில் உருளை ஒரு சுற்று சுற்றும், கட்டிகள் கீழே உள்ள டிராயரில் விழும். தகராறு அதன் வைஃபையில். ஆப்பைத் திறந்தால் 'ஆஃப்லைன்' என்று வரும். பதறிப்போய் போன் செய்தால், "அது பாட்டுக்குச் சுத்திக்கிட்டுத்தான் இருக்குது கண்ணு" என்பார் அம்மா. அவர் சொல்வது உண்மைதான். இந்தப் பெட்டிகளில் பெரும்பாலானவை இணையம் அறுந்தாலும் சென்சாரை வைத்துச் சுத்தம் செய்துகொண்டே இருக்கும்.

ஆனால் எனக்குச் சுத்தம் மட்டும் போதாது. வர்க்கி ஆண் பூனை. போன வருடம் சிறுநீர் அடைப்பு வந்து பிழைத்தவன். திரும்பத் திரும்பப் பெட்டிக்குள் ஏறி, ஒன்றும் போகாமல் இறங்கி வருவது அந்த நோயின் முக்கியமான அறிகுறி. முழுவதும் அடைத்துக்கொண்டால் ஓரிரு நாளில் உயிர் போய்விடும். இன்றைக்கு அவன் எத்தனை முறை ஏறினான், எடை எவ்வளவு என்பதெல்லாம் ஆப்பில் வரும். மலைக்குக் கீழே உட்கார்ந்திருக்கும் எனக்கு அந்த எண்ணிக்கை வேண்டும்.

மூன்று வழிகளைப் பார்த்துவிட்டேன். ரவுட்டரின் சிக்னலை வாங்கி மறுபடி பரப்பும் ரிப்பீட்டர் ஐந்து மாதம், பல யூனிட்டுகள் சேர்ந்து ஒரே வைஃபையாக ஓடும் மெஷ் இரவலில் ஒரு வாரம், ஒயர் இழுத்துப் பழைய ரவுட்டரை மாட்டியது இன்றுவரை. நான் ஒயர் கட்சி. முதலிலேயே சொல்லிவிடுகிறேன், அதற்கேற்பப் படித்துக்கொள்ளுங்கள்.

காசு செலவழிப்பதற்கு முன் ஒரு சின்னச் சோதனை. இந்தப் பெட்டிகளில் அநேகமாக எல்லாமே 2.4 கிகாஹெர்ட்ஸ் வைஃபையில் மட்டும்தான் சேரும். ரவுட்டரில் 2.4, 5 இரண்டுக்கும் ஒரே பெயர் இருந்தால் முதல்முறை இணைக்கும்போது குழப்பம் வரலாம். பத்து நிமிடம் 5-ஐ அணைத்துவிட்டு இணையுங்கள். பாதுகாப்பு முறை டபிள்யூபிஏ3 என்று மட்டும் இருந்தால் டபிள்யூபிஏ2-வுக்கு மாற்றிப் பாருங்கள். போனில் லொகேஷன் அனுமதி வேண்டும், விபிஎன் இருக்கக் கூடாது. விருந்தினருக்கான கெஸ்ட் நெட்வொர்க்கிலும் இணைக்காதீர்கள். இதெல்லாம் பெட்டியோடு வரும் கையேட்டிலேயே இருக்கும்.

கையேட்டில் இல்லாத சோதனை இது. பெட்டி இருக்கும் இடத்திலேயே இரண்டாவது போன் ஒன்றில் 2.4-இல் ஹாட்ஸ்பாட் போட்டு, பெட்டியை அதில் சேர்த்துப் பாருங்கள். அங்கே ஒழுங்காகச் சேர்ந்து ஒரு மணி நேரம் நின்றால் பெட்டியில் குறையில்லை, குறை உங்கள் வீட்டு வைஃபையில். ஹாட்ஸ்பாட்டிலும் தகராறு செய்தால் கீழே நான் எழுதியிருக்கும் எதுவும் உதவாது. வாரண்டி அட்டையைத் தேடுங்கள்.

எங்கள் வீட்டில் குறை சுவரில் இருந்தது. பழைய காலத்துக் கல் வீடு, சுவர் ஒன்றரை அடி. ஃபைபர் கேபிள் முன்கூடத்தில் வந்து இறங்குகிறது, பெட்டி பின்பக்கம் குளியலறையை ஒட்டிய அறையில். நடுவில் அப்படி இரண்டு சுவர். வைஃபை அளக்கும் ஆப்பை வைத்துப் பார்த்தால் கூடத்தில் மைனஸ் 48, பெட்டிக்கு மேலே மைனஸ் 83 (பூஜ்ஜியத்தை நெருங்க நெருங்க சிக்னல் பலம்). மைனஸ் 70-ஐத் தாண்டினாலே இந்த மாதிரிச் சின்னக் கருவிகள் தடுமாற ஆரம்பித்துவிடும். பெட்டியையே கூடத்துக்கு மாற்றினால் என்ன என்று கேட்பீர்கள். மாற்றினோம். மிளகு தன் எதிர்ப்பைச் சோபாவில் தெரிவித்தாள். பெட்டி பழைய இடத்துக்கே போனது.

ரிப்பீட்டர் சுலபம். ஆயிரத்துச் சொச்சம் ரூபாய்க்குக் கிடைக்கிறது, நடு அறையில் பிளக்கில் செருகினால் வேலை முடிந்தது. வேகம் பாதியாகக் குறையும் என்று எல்லாரும் பயமுறுத்துவார்கள். பூனை ஒன்றுக்குப் போனதைச் சொல்ல என்ன வேகம் வேண்டும்? அந்தக் குறையை நீங்கள் கண்டுகொள்ளவே வேண்டாம். ஜூன் முதல் செப்டம்பர் வரை எனக்கு அது குறையில்லாமல் ஓடியது. ஊட்டி, கூடலூர்ப் பக்கம் தென்மேற்குப் பருவமழை போடும் ஆட்டம் கோத்தகிரியில் அவ்வளவு இருக்காது. எங்களுக்கு ஐப்பசி, கார்த்திகைதான்.

அக்டோபரில் வடகிழக்கு மழை பிடித்ததும் மரக்கிளை விழுவதும் கரண்ட் போவதும் ஆரம்பித்தது. ஒரே நாளில் நாலைந்து தடவை போய் வரும். பெட்டிக்கு எது வாங்குவது என்ற கேள்வியை என்னைப் பொறுத்தவரை தீர்த்துவைத்தது இந்தக் கரண்ட்தான். கரண்ட் வந்ததும் ஆள் கை வைக்காமல் எல்லாம் தானாகச் சேர்ந்துகொள்கிறதா? இந்த ஒரு கேள்வியில் ரிப்பீட்டர் தோற்றது.

நடப்பது இதுதான். கரண்ட் வந்ததும் ரிப்பீட்டரும் ரவுட்டரும் பெட்டியும் ஒரே சமயத்தில் கண்விழிக்கின்றன. ரிப்பீட்டர் முக்கால் நிமிடத்தில் தயார். ஃபைபர் ரவுட்டர் எழுந்து, இணைப்புப் பிடித்து, இணையம் வர மூன்று நிமிடமாவது ஆகும். அதற்குள் பெட்டி ரிப்பீட்டரைப் பார்த்து ஒட்டிக்கொள்கிறது. ரிப்பீட்டருக்குப் பின்னால் இன்னும் ஒன்றுமே இல்லை. போதாக்குறைக்கு, சேனல் (வைஃபை ஓடும் அலைவரிசையின் எண்) 'ஆட்டோ'வில் இருந்தால் ரவுட்டர் இந்தமுறை வேறு சேனலில் எழுந்திருக்கும். மலிவான ரிப்பீட்டர் பழைய இடத்திலேயே அதைத் தேடிக்கொண்டிருக்கும். பெட்டியில் வைஃபை விளக்கு எரியும், ஆப்பில் ஆஃப்லைன். அம்மா எழுந்து போய் ரிப்பீட்டரைப் பிடுங்கி, பத்து எண்ணி, மறுபடி செருக வேண்டும். முட்டிவலிக்காரருக்கு வேலை குறையட்டும் என்று வாங்கிய சாமான் இது. அக்டோபரில் மட்டும் பதினோரு தடவை அந்த வேலை செய்தார். எண்ணி வைத்திருந்தது நான் இல்லை, அவர்தான்.

ரவுட்டரில் சேனலை 1, 6, 11 மூன்றில் ஒன்றாக நிலைப்படுத்திய பிறகு கொஞ்சம் குறைந்தது. இந்த மூன்றும் ஒன்றின் மேல் ஒன்று ஏறாதவை. வெளிநாட்டுச் சந்தைக்காகச் செய்த சில பெட்டிகள் 12, 13-ஐப் பார்க்கவே பார்க்காது என்பதாலும் அந்தப் பக்கம் போக வேண்டாம். ரவுட்டருக்கு மினி யுபிஎஸ் வாங்கினால் தீருமா என்று யோசித்தேன். ரவுட்டர் அணையாமல் நிற்கும், சரி. ஆனால் ரிப்பீட்டர் நேராகச் சுவர் பிளக்கில் 230 வோல்ட்டில் உட்கார்ந்திருக்கிறது. 12 வோல்ட் தரும் மினி யுபிஎஸ்ஸை அதில் எங்கே கோப்பது?

மெஷ் பற்றி நான் அதிகம் பேசக் கூடாது. குன்னூர் நண்பர் ஒருவர் இரண்டு யூனிட்டை ஒரு வாரத்துக்குக் கொடுத்தார். அந்த வாரம் பார்த்து ஒருமுறைகூட கரண்ட் போகவில்லை. ஆகவே மழைக்காலத்தில் அது எப்படி நடந்துகொள்ளும் என்பதற்கு நான் சாட்சி இல்லை. பார்த்தவரை, போன்களுக்கு அருமை. ஒரு பெயர், வீடு முழுக்க நடந்துகொண்டே பேசலாம். பெட்டி எங்கும் நடக்கப் போவதில்லையே. பெரும்பாலான மெஷ் யூனிட்டுகள் தங்களுக்குள் 5 கிகாஹெர்ட்ஸில்தான் பேசிக்கொள்ளும். கல்சுவரில் அது 2.4-ஐவிட மோசமாகத் தேயும். பின்னறையில் வைத்த யூனிட் அடிக்கடி மஞ்சள் விளக்குப் போட்டது. கதவுக்கு நேராக நகர்த்தியதும் சரியானது, அப்புறம் அம்மா கதவைச் சாத்தியதும் மறுபடி மஞ்சள். யூனிட்டுகளுக்கு நடுவில் ஒயர் கொடுத்தால் பிரமாதமாக ஓடும் என்றார் நண்பர். ஓடும்தான். ஒயர் இழுப்பது என்று ஆகிவிட்ட பிறகு அந்த முனையில் எதற்குப் பல ஆயிரம் ரூபாய்ச் சாமான்?

அலமாரியில் ஒரு பழைய ரவுட்டர் கிடந்தது. முன்பு இணைப்புக் கொடுத்த நிறுவனத்தை மாற்றியபோது மிஞ்சியது. 22 மீட்டர் கேட்6 கேபிள் வாங்கினேன்; 100 மீட்டர் வரை தாங்கும் என்பதால் எந்த வீட்டுக்கும் நீளம் பிரச்சினை இல்லை. பிரச்சினை பாதை. ஒன்றரை அடி கல்லில் துளை போட வயர்மேன் அண்ணன் கேட்ட கூலியும், அவர் முகம் போன போக்கும் சேர்ந்து என்னை வேறு வழி யோசிக்க வைத்தன. கதவுக்கு மேலே இருக்கும் வென்டிலேட்டர் சட்டம் வழியாகவும், மிச்சத்தைப் பலகைச் சீலிங்குக்கு மேலேயும் கொண்டுபோனோம். சீலிங்குக்கு மேலே எலி உண்டு, அதனால் முழு நீளமும் பிவிசி பைப்புக்குள்.

வெளிச்சுவர் வழியாக இழுத்தால் ஒரு மணி நேர வேலைதான். ஆனால் இழுக்காதீர்கள். சித்திரை இடிமழையில் வெளியே ஓடும் செம்புக் கம்பி பக்கத்தில் விழும் மின்னலின் அதிர்ச்சியை உள்ளே கொண்டுவந்து இரண்டு முனையிலும் உள்ள கருவிகளைச் சுட்டுவிடலாம். ஃபைபர் கண்ணாடி இழை, அதற்கு அந்தப் பயம் இல்லை. ஈதர்நெட் கேபிள் செம்பு. அப்புறம் குரங்கு. எங்கள் தெருவில் தொங்கும் எந்தக் கேபிளும் அதுகளுக்கு ஊஞ்சல்.

பழைய ரவுட்டரில் 'ஆக்சஸ் பாயின்ட்' என்று ஒரு முறை இருந்தால் அதைத் தேர்ந்தெடுத்தால் போதும். என்னுடையதில் இல்லை. கருவிகளுக்கு முகவரி கொடுக்கும் டிஹெச்சிபி-யை அணைத்து, புதிய ரவுட்டரோடு மோதாத ஒரு முகவரி கொடுத்து, கேபிளை வான் (WAN) துளையில் செருகாமல் லேன் (LAN) துளையில் செருக வேண்டும். நான் முதல் நாள் டிஹெச்சிபி-யை அணைக்க மறந்தேன். வீட்டில் இரண்டு பேர் முகவரி விநியோகம் செய்ததில் பாதிக் கருவிகளுக்கு இணையம் இல்லை. அம்மா போனில் பார்க்கும் சீரியல் அன்று நின்றுபோனதை நான் இன்னும் கேட்டுக்கொண்டிருக்கிறேன்.

முக்கியமாக ஒன்று செய்தேன். பழைய ரவுட்டரின் வைஃபைக்கு 'வர்க்கி' என்று தனிப்பெயர் வைத்தேன். 2.4 மட்டும், சேனல் 11. கூடத்து ரவுட்டர் சேனல் 1. பெட்டிக்கு இந்த ஒரு பெயர்தான் தெரியும். தூரத்து ரவுட்டரைப் பிடித்துத் தொங்கும் வழக்கம் அதோடு போயிற்று. இப்போது பெட்டிக்கு மேலே மைனஸ் 51.

பிறகு இரண்டு மினி யுபிஎஸ், முனைக்கு ஒன்று. வாங்கும்போது அடாப்டரில் அச்சிட்டிருப்பதைப் படியுங்கள். கூடத்து ரவுட்டர் 12 வோல்ட், பழையது 9 வோல்ட். 12-ஐ அதில் செருகியிருந்தால் கதை முடிந்திருக்கும். பெட்டியை மட்டும் இந்த யுபிஎஸ்ஸில் மாட்டாதீர்கள், மோட்டார் இழுக்கும் மின்சாரத்தை அது தாங்காது. இப்போது கரண்ட் போனால் பெட்டி மட்டும் அணைகிறது. திரும்பி வரும்போது நெட்வொர்க் ஏற்கெனவே விழித்திருக்கிறது, ஒரு நிமிடத்துக்குள் சேர்ந்துவிடுகிறது. நவம்பர் தொடங்கி மார்கழி முடியும் வரை அம்மா எழுந்து போக வேண்டி வந்தது இரண்டு முறை. இரண்டும் தெருவில் ஃபைபரே அறுந்து மறுநாள் வந்தபோது. தெருவில் அறுந்தால் நம் வீட்டு ஒயர் என்ன செய்யும்? சிம் போட்ட டாங்கிள் ஒன்றைத் துணைக்கு வைக்கலாம்தான். எங்கள் சரிவில் சிக்னல் ஒரு கோடு, அதனால் அதை நான் தொடவில்லை.

வீடு முழுக்க இன்வெர்ட்டர் உள்ளவர்களுக்கு நான் இவ்வளவு நேரம் போட்ட வாதம் பாதி அடிபட்டுப்போகும். ரிப்பீட்டர் பிளக்கும் இன்வெர்ட்டர் லைனில் இருந்தால் ஆயிரத்துச் சொச்சத்தில் முடித்துக்கொள்ளுங்கள். செங்கல் சுவர் வைத்த புது வீட்டில் ரிப்பீட்டர்கூட தேவைப்படாமல் போகலாம்.

வாடகை வீடு என்றால் சீலிங்கைத் திறக்க வீட்டுக்காரர் விடமாட்டார். அவர்களுக்கும் ரிப்பீட்டர்தான், ஆனால் மூன்று வேலை சேர்த்து: ரவுட்டரில் சேனலை நிலைப்படுத்துவது, ரவுட்டருக்கு ஒரு மினி யுபிஎஸ், ரிப்பீட்டருக்கு முன்னால் நீளமான எக்ஸ்டென்ஷன் ஒயர். கடைசியில் சொன்னது எதற்கு என்றால், அதன் சுவிட்சைக் குனியாமல் தட்டும் உயரத்தில் மாட்டி வைக்கலாம்.