ரோல் பார் போடப் போகிறீர்களா? என் 62,000 ரூபாய் போன கதையைப் படித்துவிட்டுப் போங்கள்

சில நாளுக்கு முன்பு என் ஸ்விஃப்ட் காரிலிருந்து ரோல் பாரை (கார் உருண்டால் கூரை நசுங்காமல் தாங்க உள்ளே மாட்டும் இரும்புக் குழாய்ச் சட்டம்) மொத்தமாகக் கழற்றி, அதன் ஒரு காலை ஹேக்சாவால் அறுத்தோம். அறுத்த வாயில் வெர்னியர் அளவுகோலை வைத்தால் குழாயின் கனம் 1.6 மில்லிமீட்டர். நான் காசு கொடுத்தது 2.5 மில்லி கனத்துக்கு. விரலை உள்ளே விட்டால் நீளவாக்கில் ஒரு வரி தட்டுப்படுகிறது. தகட்டைச் சுருட்டி ஒட்டிய சாதாரண ஈஆர்டபிள்யூ குழாய். எனக்குச் சொன்னது சீம்லெஸ், அதாவது ஒட்டே இல்லாத குழாய். கோபம் இன்னும் அடங்கவில்லை. எழுத்து முன்னே பின்னே இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

வாரநாளில் ஆபீஸுக்கும் மகளைப் பள்ளியில் விடவும் இந்தக் கார்தான். வருடத்தில் இரண்டு மூன்று முறை இதே காரில் கோவை செட்டிப்பாளையத்தில் இருக்கும் காரி மோட்டார் ஸ்பீட்வே ரேஸ் டிராக்குக்குப் போவேன். அதனால் போல்ட் போட்டுக் கழற்றி மாட்டும் நாலு கால் ரோல் பார் போதும் என்று முடிவு செய்தேன். ரேஸ் கார்களுக்கு வேலை செய்வதாகச் சொல்லிக்கொள்ளும் ஒரு பட்டறைக்குப் போனேன். எந்த ஊர், யார் என்று இங்கே எழுதப் போவதில்லை.

அங்கேதான் ஏமாந்தேன். உரிமையாளர் டீ வாங்கிக் கொடுத்தார். மேசை டிராயரிலிருந்து ஒரு வெட்டிய குழாய்த் துண்டை எடுத்து என் உள்ளங்கையில் வைத்தார். நல்ல கனம். "அளந்து பாருங்க தம்பி" என்று வெர்னியரையும் அவரே நீட்டினார். அளந்தேன், சரியாக 45-க்கு 2.5 (விட்டம் 45 மில்லி, கனம் 2.5 மில்லி). உலக கார் பந்தய அமைப்பான எஃப்ஐஏவின் விதியில் மெயின் ஹூப்புக்கு (சீட்டுக்குப் பின்னால் நிற்கும் பெரிய வளைவுக்கு) சொல்லியிருக்கும் அளவுகளில் அதுவும் ஒன்று. "உயிர் சமாசாரம் தம்பி, இதுல போய் நான் விளையாடுவனா?" என்றார். அந்த ஒரு வார்த்தையில் விழுந்துவிட்டேன். அன்றைக்கே 40,000 முன்பணம், மாட்டிய அன்று 22,000. மொத்தம் 62,000 ரூபாய். கையில் பிடித்துப் பார்த்த துண்டு வேறு, என் காரில் ஏறிய குழாய் வேறு.

டிராக்கில் ரொம்ப வருடம் ஓட்டிய அண்ணன் ஒருவர் காரைப் பார்த்ததும் முதலில் போல்ட்டின் தலையைத்தான் பார்த்தார். போல்ட்டின் வலுவைக் காட்டும் 8.8 என்ற எண் எதிலும் இல்லை. குனிந்து அடியில் பார்த்தால், தரைத் தகட்டுக்குக் கீழே 3 மில்லி பிளேட் வைக்க வேண்டிய இடத்தில் வெறும் வாஷர். கார் உருண்டால் ஹூப்பின் கால் தரையைப் பொத்துக்கொண்டு இறங்கிவிடும் என்றார். வளைவில் குழாய் உள்பக்கம் சப்பையாகிச் சுருங்கியிருந்தது. தலை மோதினால் தாங்கும் பேடிங் என்று சுற்றியிருந்தது ஏசி குழாய்க்குச் சுற்றும் கருப்பு நுரை, கட்டை விரலால் அழுத்தினால் இரும்பு தட்டுகிறது.

எனக்கு வயிறு எரிவது இதில்தான். "பின்சீட்டுல பாப்பா தாராளமா உட்காரலாம்" என்று பட்டறைக்காரர் சொன்னதை நம்பி மூன்று வாரம் மகளை அங்கே உட்கார வைத்தேன். பின்னால் போகும் கம்பி அவள் தலைக்கு ஒரு சாண் தூரம்கூட இல்லை. டிராக்கில் ஹெல்மெட் இருக்கும். ரோட்டில் சின்னதாக ஒரு இடி இடித்தாலும் வெறும் தலைதான் கம்பியில் போய் மோதும்.

பட்டறைக்குப் போன் செய்தேன். முதல் நாள், "வெல்டர் ஊருக்குப் போயிருக்காரு". அடுத்த நாள், "டிராக்குல விட்டவங்க யாரும் குறை சொல்லலயே தம்பி". வெட்டிய குழாயின் போட்டோவை அனுப்பினேன். நீல டிக் விழுந்தது, பதில் இல்லை. நேரில் போனால், "நீங்களே அறுத்துட்டீங்க, இனி நான் எப்படிப் பொறுப்பு?" என்கிறார். அறுக்காமல் இருந்திருந்தால் தெரிந்தே இருக்காது! பில்லில் 'ஃபேப்ரிகேஷன் வேலை, 62,000' என்று மட்டும் இருக்கிறது. குழாயின் அளவைப் பற்றி ஒரு எழுத்து இல்லை.

ரோல் பார் தேர்வு செய்வதைப் பற்றி விரிவாக எழுதலாம் என்றுதான் உட்கார்ந்தேன். இப்போது முடியவில்லை. இதை மட்டும் செய்யுங்கள். மாதிரித் துண்டை நம்பாதீர்கள், உங்கள் காருக்கு வளைக்கப் போகும் குழாயை வளைப்பதற்கு முன் நீங்களே அளந்து, எடை போடுங்கள். 45-க்கு 2.5 குழாய் என்றால் மீட்டருக்கு 2.6 கிலோ வர வேண்டும், 1.6 மில்லி என்றால் 1.7 கிலோதான் வரும். பில்லில் விட்டம், கனம், சீம்லெஸ் மூன்றையும் எழுதி வாங்குங்கள். ஹெல்மெட்டோடு உட்கார்ந்து, தலைக்கு மேல் ஹூப் 5 சென்டிமீட்டராவது உயர்ந்திருக்கிறதா பாருங்கள். பின்சீட்டைக் கழற்றச் சொன்னால் ஆர்சியில் இருக்கும் இருக்கை எண்ணிக்கையை நினைத்துப் பாருங்கள், ஆர்சியில் இருப்பதற்கு மாறாக வண்டியை மாற்றக் கூடாது என்று மோட்டார் வாகனச் சட்டம் 52-வது பிரிவு இருக்கிறது. கம்பி மாட்டியிருக்கும்போது பின்னால் குழந்தையை உட்கார வைக்காதீர்கள். யார் சொன்னாலும் சரி.

இன்று காலை தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-க்கு அடித்துப் புகார் கொடுத்துவிட்டேன். அறுத்த துண்டு வீட்டில் பத்திரமாக இருக்கிறது. 62,000-ல் ஒரு ரூபாய்கூட இன்னும் திரும்பி வரவில்லை.