50 வெற்றுக் குறுவட்டுகள்: பயன்படுத்திப் பார்த்த பின்

அப்பாவின் குரல் பதிந்த பழைய ஒலிநாடாக்களைக் குறுவட்டுகளில் ஏற்றி வைப்பதற்காக, 50 வெற்று வட்டுகள் அடங்கிய 700 எம்பி டப்பா ஒன்றை வாங்கினேன். 16 மடங்கு வேகத்தில் எழுதியவை அனைத்தும் கார் பிளேயரிலும் தடங்கலின்றிப் பாடின. ஆயினும், கடையில் விற்கும் பாடல் குறுவட்டும் இதுவும் ஒன்றே என்று எண்ணிவிடக் கூடாது. ஆலையில் அச்சிடப்படும் வட்டில் பாலிகார்பனேட் நெகிழியிலேயே நுண்குழிகள் அழுத்தி வார்க்கப்பட்டு, அவற்றின் மேல் அலுமினியம் பூசப்படுகிறது. வெற்று வட்டிலோ அத்தகைய குழிகள் இல்லை, சுருள் பள்ளத்தில் பூசப்பட்ட கரிமச் சாயத்தை லேசர் சுட்டு உண்டாக்கும் தடங்களையே பிளேயர் குழிகளாகக் கொண்டு படிக்கிறது. எழுதிய வட்டைச் சாய்த்துப் பிடித்தால், இளம்பச்சை அடிப்பக்கத்தில் எழுதப்பட்ட பகுதி மட்டும் சற்றே நிறம் மாறி வளையமாகப் பிரிந்து தெரிகிறது. இந்தச் சாயத்துக்கு வெயில் ஆகாது: சன்னலோரம் மறந்து வைத்த ஒரு வட்டு ஒரே கோடையில் படிக்க முடியாமல் போயிற்று, அதனருகில் கிடந்த அச்சு வட்டு இன்றும் பாடுகிறது. பெயர் எழுதும் மேற்பக்கத்துக்கு மெல்லிய அரக்குப் பூச்சு மட்டுமே காப்பு என்பதால், அங்கே பால்பாயிண்ட் பேனா கூடவே கூடாது. அன்றாடப் பயன்பாட்டுக்குத் தாராளமாக வாங்கலாம். அப்பாவின் குரலுக்கு மட்டும் வன்தட்டில் இன்னொரு படி எடுத்து வைத்திருக்கிறேன்.