மரத்துப்போகும் கை, சுண்டி இழுக்கும் கால்: கைரோபிராக்டிக் எதற்குக் கைகொடுக்கும், எதற்குக் கொடுக்காது

கால் மரத்துப்போகிறது, கைரோபிராக்டிக் (முதுகெலும்பையும் மூட்டுகளையும் கையால் அசைத்துச் செய்யும் சிகிச்சை) போகலாமா என்று கேட்டால் உடனே பதில் சொல்லிவிட முடியாது. எந்தக் கால், எந்த விரல், ஒரு பக்கமா இரண்டு பக்கமுமா, ராத்திரியிலா நடக்கும்போதா என்று தெரிய வேண்டும். ஒரு சிகிச்சை நிலையத்தை நாங்கள் மதிப்பிடுவதற்கும் இதுவே அளவுகோல். இதையெல்லாம் கேட்டு, தொட்டுப் பார்த்து, சுத்தியலால் தட்டிப் பார்த்து, அதன் பிறகு முதுகில் கை வைப்பவர்களிடம் போகலாம். உள்ளே நுழைந்த பத்தாவது நிமிடத்தில் கழுத்தில் நெட்டி முறித்து அனுப்புகிற இடம், எவ்வளவு பேர் வாங்கியதானாலும், நரம்புத் தொல்லைக்கு ஏற்ற இடமில்லை.

மதமதப்பும் குறுகுறுப்பும் நரம்பின் பாதையில் எங்கோ ஒரு தடங்கல் என்பதை மட்டும்தான் சொல்கின்றன. அந்தத் தடங்கல் முள்ளந்தண்டில் நரம்பு வேர் வெளியே வரும் வாசலில் இருக்கலாம், முழங்கையிலோ மணிக்கட்டிலோ இருக்கலாம், அல்லது நரம்பின் நுனிகளே வாடியிருக்கலாம். எந்த இடம் என்பதைப் பெரும்பாலும் விரல்களே காட்டிக்கொடுத்துவிடும். நரம்பு வேர்களுக்கு இடத்தை வைத்துப் பெயரும் எண்ணும் உண்டு: கழுத்துக்கு சி, கீழ்முதுகுக்கு எல், அதற்கும் கீழே எஸ். கழுத்தில் சி6 வேர் நசுங்கினால் கட்டைவிரல் பக்கம் மரக்கும்; சி7 என்றால் நடுவிரல்; சி8 என்றால் சுண்டுவிரல். காலில் எல்4 என்றால் முட்டிக்குக் கீழே உட்புறம், எல்5 என்றால் பாதத்தின் மேற்புறமும் பெருவிரலும், எஸ்1 என்றால் பாதத்தின் வெளிவிளிம்பும் சுண்டுவிரலும். ஆளுக்கு ஆள் இந்த எல்லைகள் கொஞ்சம் முன்பின்னாக இருக்கும். ஆனாலும் "கையெல்லாம் மரக்குது" என்று சொல்வதைவிட, வீட்டிலேயே ஒரு பேனாவால் மரத்த இடத்தைச் சுற்றிக் கோடு போட்டுக்கொண்டு போனால் பாதி வேலை முடிந்த மாதிரி.

இந்தச் சிகிச்சைக்கு நியாயமான இடம் இருப்பது வேர் நசுங்கும் தொல்லையில்தான். அதிலும் குறிப்பாக, இடுப்பு டிஸ்க் (முள்ளெலும்புகளுக்கு இடையே இருக்கும் மெத்தை) பிதுங்கி ஒரு காலில் இறங்கும் வலியில். 2014-ல் வெளியான ஓர் ஆய்வில், முதுகிலிருந்து காலுக்கு இறங்கும் வலி உள்ள 192 பேரை இரண்டு குழுக்களாகப் பிரித்தார்கள். ஒரு குழுவுக்கு வீட்டுப் பயிற்சியும் ஆலோசனையும். இன்னொரு குழுவுக்கு அவற்றோடு கையால் செய்யும் முதுகெலும்புச் சிகிச்சையும். 12 வாரத்தில் இரண்டாம் குழுவுக்குக் கால்வலி கூடுதலாகக் குறைந்திருந்தது. 52 வாரத்தில் கால்வலியைப் பொறுத்தவரை அந்த வித்தியாசம் தேய்ந்துபோயிருந்தது. அதாவது, கஷ்டமான முதல் சில மாதங்களைக் கடக்க இது உதவலாம். அதன் பிறகு உடம்பே பார்த்துக்கொள்கிறது. பிதுங்கிய டிஸ்க் காலப்போக்கில் சுருங்குவது சாதாரணமாக நடப்பதுதான். எந்தச் சிகிச்சை எதற்கு என்று மருத்துவர்களுக்கு வழிகாட்டும் பிரிட்டனின் நைஸ் அமைப்பு 2016-ல் வெளியிட்ட வழிகாட்டுதலும் கையால் செய்யும் சிகிச்சையை உடற்பயிற்சியோடு சேர்த்து மட்டுமே ஏற்கிறது. பயிற்சி சொல்லித்தராமல் மேசையிலேயே எல்லாவற்றையும் முடித்து அனுப்பும் நிலையத்துக்கு நாங்கள் மதிப்பெண்ணைக் குறைப்பது இதனால்தான்.

மணிக்கட்டுக்கு வருவோம். அதிகம் பிசகுவது இங்கேதான். ராத்திரியில் கை மரத்து விழிப்பு வந்து, உதறினால் சரியாகிறது. கட்டைவிரல், ஆள்காட்டி, நடுவிரல், மோதிரவிரலில் பாதி மட்டும் மரக்கிறது. உள்ளங்கையின் நடுப்பகுதியில் உணர்ச்சி நன்றாகவே இருக்கிறது. இது பெரும்பாலும் மணிக்கட்டுக் குகைக்குள் நரம்பு நசுங்கும் கார்ப்பல் டனல். உள்ளங்கைக்குப் போகும் கிளை அந்தக் குகைக்குள் நுழையாமல் மேலாகவே போவதால்தான் உள்ளங்கை தப்பிக்கிறது. புறங்கைகள் இரண்டையும் ஒன்றோடொன்று சேர்த்து, மணிக்கட்டை மடக்கி 60 விநாடி வைத்தால் அதே விரல்கள் மரக்கிறதா என்று பார்ப்பது சின்னச் சோதனை. இதற்குக் கழுத்தில் எத்தனை முறை நெட்டி எடுத்தாலும் குகை அகலமாகப் போவதில்லை. மணிக்கட்டை நேராகப் பிடித்து வைக்கும் பட்டையை ராத்திரியில் சில வாரம் கட்டித் தூங்குவது முதல் வைத்தியம். கட்டைவிரல் அடிச்சதை மெலிந்தாலோ, கையில் பிடித்த பொருள் நழுவினாலோ அறுவைச் சிகிச்சை நிபுணரைப் பார்ப்பதைத் தள்ளிப்போடக் கூடாது.

சுண்டுவிரலும் மோதிரவிரலின் வெளிப்பாதியும் மரத்தால் முழங்கையைச் சந்தேகிக்க வேண்டும். போனைக் காதில் வைத்தபடி முழங்கையை மடக்கியே இருப்பவர்களுக்கும், மேசை விளிம்பில் ஊன்றுபவர்களுக்கும் இது அதிகம். தொடையின் வெளிப்பக்கம் மட்டும் எரிந்து மரத்தால் இறுக்கமான பெல்ட்டைத் தளர்த்திப் பாருங்கள். நல்ல கைரோபிராக்டர் இதையெல்லாம் முதல் நாளே சொல்லிவிடுவார்.

இரண்டு பாதமும் ஒன்றுபோல, காலுறை போட்ட மாதிரி மரத்து எரிந்து, மெல்ல மேலே ஏறுகிறது என்றால் முதுகை விட்டுவிடுங்கள். சர்க்கரை, பி12 குறைவு, மது, தைராய்டு, சிறுநீரகக் கோளாறு, புற்றுநோய் மருந்துகள் என்று காரணங்கள் வேறு திசையில் இருக்கின்றன. மெட்ஃபார்மின் என்ற சர்க்கரை மாத்திரையைப் பல வருடம் சாப்பிடுபவர்களுக்கு பி12 குறைவது தெரிந்த விஷயம். ரத்தத்தில் அதைப் பார்க்காமல் யாரும் முதுகைத் தொடக்கூடாது. முள்ளெலும்பை அசைத்தால் வாடிய நரம்பு நுனி தளிர்க்கும் என்பதற்கு ஆதாரம் இல்லை. "நரம்புச் சீரமைப்புத் திட்டம்" என்ற பெயரில் லேசர், அதிர்வுப் பலகை, முதுகை இழுத்துவிடும் டிகம்ப்ரஷன் மேசை எல்லாவற்றையும் ஒன்றாகக் கட்டி விற்கும் இடங்களைப் பற்றி எங்களுக்குக் கோபமே உண்டு. பணம் போவது ஒரு பக்கம். சர்க்கரையைக் கட்டுப்படுத்த வேண்டிய மாதங்களும், குறையை நிரப்ப வேண்டிய பி12 ஊசியும் தள்ளிப்போகின்றன. பி12 குறைவை நெடுநாள் விட்டுவிட்டால் வரும் சேதம் முழுதாகத் திரும்பாமலே போகலாம்.

முதல் நாள் பரிசோதனை எப்படி இருக்க வேண்டும்? பஞ்சாலும் ஊசிமுனையாலும் இரண்டு பக்கமும் ஒப்பிட்டு உணர்ச்சி பார்க்க வேண்டும். முட்டி, கணுக்கால், முழங்கையின் முன்னும் பின்னும் தட்டிப் பார்க்க வேண்டும். தட்டும்போது கணுக்கால் துள்ளுவது ஒரு பக்கம் மட்டும் மங்கினால் எஸ்1-ஐச் சொல்லும். குதிகாலில் நடக்கச் சொல்வார், ஒற்றைக் காலில் நுனிவிரலில் பத்து முறை எம்பச் சொல்வார், பெருவிரலைத் தூக்கிப் பிடிக்கச் சொல்லி எதிர்த்து அழுத்துவார். மல்லாந்து படுக்க வைத்து முட்டி மடக்காமல் காலை உயர்த்துவார். 30 முதல் 70 டிகிரிக்குள் முட்டிக்குக் கீழே மின்சாரம் பாய்ந்த மாதிரி சுண்டினால் வேர் எரிச்சல். தொடையின் பின்பக்கம் மட்டும் இழுத்தால் அது தசை இறுக்கம். பாதம் மரத்தவருக்கு 10 கிராம் அழுத்தத்தில் வளையும் நைலான் இழையால் தொடு உணர்ச்சியையும் 128 ஹெர்ட்ஸ் இசைக்கவையால் அதிர்வு தெரிகிறதா என்பதையும் பார்ப்பார். சிகிச்சை தொடங்குவதற்கு முன் கிடைத்த அளவுகளை எழுதி வைக்க வேண்டும். எழுதி வைக்காத இடத்தில் "இப்போ பரவாயில்லையா?" என்ற கேள்வி ஒன்றுதான் பின்னால் மிஞ்சும்.

எக்ஸ்ரேயை எல்லோருக்கும் எடுப்பது தேவையற்ற வேலை. எக்ஸ்ரேயில் நரம்பு தெரியாது, டிஸ்க்கும் தெரியாது. வலியே இல்லாதவர்களின் படத்திலும் தேய்மானம் இருக்கும். படத்தைச் சுவரில் மாட்டி, கோடு போட்டு, "எலும்பு விலகியிருக்கு, நரம்பு மொத்தமும் அடைச்சிருக்கு" என்று பயமுறுத்துவது 1895-ல் டேனியல் டேவிட் பால்மர் இந்த முறையைத் தொடங்கிய காலத்துக் கொள்கையின் மிச்சம். இன்று முறையாகப் படித்துவிட்டு வேலை செய்பவர்கள் பலர் அதை விட்டுவிட்டார்கள். நெட்டி விடும் சத்தமும் எலும்பு இடத்தில் உட்காரும் சத்தம் இல்லை. மூட்டுக்குள்ளிருக்கும் திரவத்தில் வாயுக்குமிழ் உருவாகும் ஓசை. சத்தம் வரவில்லை என்று திரும்பத் திரும்ப முறிப்பவரிடம் போதும் என்று சொல்லிவிடலாம்.

டிஸ்க் பிதுங்கிக் கால் சுண்டுபவருக்குத் தொடக்கத்திலேயே வேகமாக முறுக்கித் தள்ளுவதை நாங்கள் விரும்புவதில்லை. கீழ்ப்பாதி மட்டும் அசையும் மேசையில் குப்புறப் படுக்க வைத்து, இடுப்பை மெல்ல இழுத்து இறக்கும் முறை பலருக்குத் தாங்கும்படியாக இருக்கிறது. கழுத்தில் இன்னும் கவனம் வேண்டும். வேகமாகத் திருப்பி முறிப்பதால் கழுத்துத் தமனியின் உட்சுவர் கிழிந்து பக்கவாதம் வருவது மிக அரிது, வந்தால் கொடுமை. திடீரென்று இதுவரை இல்லாத மாதிரி கழுத்துவலியோ தலைவலியோ வந்தவர், தலைசுற்றல், இரட்டைப் பார்வை, நாக்குழறல் உள்ளவர் மேசைக்கே போகக் கூடாது. எலும்பு மெலிந்தவர்கள், ரத்தம் உறையாமலிருக்க மாத்திரை எடுப்பவர்கள், மூட்டுகளைத் தாக்கும் முடக்குவாதம் உள்ளவர்கள், புற்றுநோய் வந்தவர்கள் முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும். கழுத்தைத் திருப்பாமல் மெதுவாக அசைக்கும் முறைகளே போதும் என்று கேட்கும் உரிமை உங்களுக்கு உண்டு. கேட்டால் முகம் சுளிப்பவரிடம் கழுத்தைக் கொடுக்காதீர்கள்.

மறைவிடத்தைச் சுற்றி மரத்துப்போவது, சிறுநீர் அடைபடுவது அல்லது தெரியாமல் போவது, பாதம் தொங்கிப்போவது, இரண்டு காலும் பலமிழப்பது, சட்டைப் பொத்தானைப் போட முடியாமல் கை தடுமாறி நடையும் விறைப்பது, நாள் கணக்கில் மரப்பு கால்களிலிருந்து மேலே ஏறி பலவீனமும் சேர்வது, முகமும் கையும் ஒரு பக்கமாகச் சட்டென்று மரப்பது, காய்ச்சலோடு முதுகுவலி: இவற்றில் ஒன்று இருந்தாலும் நேராக மருத்துவமனைதான். கைரோபிராக்டரிடம் தவறிப்போய் நின்றாலும் அவரே திருப்பி அனுப்ப வேண்டும்.

சிகிச்சைக்குப் பிறகு ஒன்றிரண்டு நாள் தசை வலிப்பது சகஜம். கவனிக்க வேண்டியது வலி எங்கே இருக்கிறது என்பதை. கெண்டைக்காலில் இருந்த சுண்டும் வலி தொடைக்கும், தொடையிலிருந்து இடுப்புக்கும் ஏறிச் சுருங்கினால், இடுப்புவலி கொஞ்சம் கூடினாலும் நல்ல போக்கு. இடுப்பில் இருந்தது பாதத்துக்கு இறங்கினால் அந்த முறையை உடனே நிறுத்தச் சொல்லுங்கள். பலருக்கும் வலி முதலில் போகும், மதமதப்பு கடைசியில்தான் போகும். சேதமான நரம்பிழை வளரும் வேகம் நாளொன்றுக்கு ஒரு மில்லிமீட்டர் அளவுதான். ஆகவே பாதத்தின் மரப்பு ஒரு வாரத்தில் தீரவில்லையே என்று கலங்க வேண்டாம்.

வீட்டில் செய்ய நரம்பை நழுவ விடும் பயிற்சி சொல்லித்தருவார்கள். நாற்காலியில் உட்கார்ந்து, முட்டியை நீட்டும்போது தலையை அண்ணாந்து, முட்டியை மடக்கும்போது தலையைக் குனிய வேண்டும். ஒரு தடவைக்கு பத்து, நாளுக்கு இரண்டு மூன்று தடவை. பலர் செய்யும் பிழை, காலை நீட்டித் தலையையும் சேர்த்துக் குனிந்து இழுத்துப் பிடிப்பது. அப்போது நரம்பு இரண்டு முனையிலும் இழுபட்டு எரிச்சல் கூடும். முடித்த பின் சில நிமிடங்களுக்கு மேல் குறுகுறுப்பு நீடித்தால் நீட்டும் அளவைப் பாதியாக்குங்கள்.

எத்தனை முறை போவது? வாரத்துக்கு இரண்டு வீதம் ஆறு அமர்வு வரை பார்க்கலாம். அதன் பிறகு முதல் நாள் எழுதி வைத்ததை எடுத்து அதே சோதனைகளைத் திரும்பச் செய்ய வேண்டும்: கால் எத்தனை டிகிரி உயர்கிறது, பெருவிரலின் பலம் எப்படி, பேனாவால் வரைந்த எல்லை சுருங்கியதா. ஒன்றுமே மாறவில்லை என்றால் அங்கேயே நிறுத்திவிட்டு நரம்பியல் மருத்துவரிடம், நரம்பில் மின்சைகை எப்படி ஓடுகிறது என்று அளக்கும் நரம்புக் கடத்தல் சோதனைக்குப் போகலாம். அந்தச் சோதனை பெரிய இழைகளை மட்டுமே அளக்கும், எரிச்சலைக் கடத்தும் மெல்லிய இழைகளை அளக்காது. பாதம் எரிந்தும் அறிக்கை சரியாக வருவது உண்டு, அதையும் அவரிடம் கேளுங்கள். மாற்றம் தெரிந்தால் இடைவெளியைக் கூட்டிக்கொண்டே போய் முடித்துக்கொள்ளலாம். தொடங்கும்போதே நாற்பது அமர்வுக்கு முன்பணம் கேட்கும் இடத்தில், கையெழுத்துப் போடுவதற்கு முன், ஆறாவது அமர்வில் எதை அளப்பீர்கள் என்று கேளுங்கள். பதில் வரவில்லையென்றால் பணத்தைக் கட்டாதீர்கள்.