பங்சாரில் ஆரம்ப லத்தீன் வகுப்பு: நாலு நட்சத்திரம்

படிவம் ஒன்றில் (இடைநிலைப்பள்ளி முதல் வருடம்) மகள் லத்தீன் எடுத்திருக்கிறாள், கோலாலம்பூரில் பங்சார் பக்கம் ஒரு தனியார் பள்ளி. பாடம் நல்ல பாடம்தான், ஆனால் சும்மா ஜாலிக்கு என்று சேர்த்துவிடாதீர்கள். வாரா வாரம் இருபது சொல் மனப்பாடம், திங்கள் காலை குட்டித் தேர்வு, அது போக தனி நோட்டில் விகுதி அட்டவணை, நாலைந்து வாக்கியம் மொழிபெயர்ப்பு. அகராதி பார்க்கலாம், கூகுளில் போட்டு எடுத்தால் பூஜ்யம்.

லத்தீனில் பெயர்ச்சொல் ஐந்து வகை, இந்த வருடம் முதல் இரண்டுதான், ஆனால் ஆறு வேற்றுமையும் உண்டு. தமிழ்ப்பள்ளியில் எட்டு வேற்றுமை ஒப்பித்த பிள்ளைக்கு இங்கே நல்ல சௌகரியம்: 'புவெல்லா ரோசாம் அமாத்' என்பதை 'ரோசாம் புவெல்லா அமாத்' என்று மாற்றிப் போட்டாலும், அந்த 'ம்' நம்ம 'ஐ' மாதிரி என்று பிடித்துக்கொண்டு, சிறுமிதான் ரோஜாவை நேசிக்கிறாள் என்று டக்கென்று சொல்லிவிட்டாள். லத்தீனில் மேசை என்ற சொல் பெண்பாலாம், அதற்குத்தான் இன்னும் முணுமுணுக்கிறாள்.

ஆசிரியர் பொறுமைசாலி. உச்சரிப்பு பழைய ரோமானிய முறை, ரோமானியப் பேச்சாளர் சிசரோ இங்கே கிக்கெரோ.

குறை? திருத்திய தாள் வீட்டுக்கு வர ரொம்ப நாள் ஆகிறது, கேட்டால் "வரும், வரும்" என்கிறார்கள். கட்டணத்தில் பாடப்புத்தகம் சேராது என்பதையும் சேர்த்த பிறகுதான் சொன்னார்கள். அப்புறம், ஞாயிறு மாலை பூப்பந்துக்குப் போகிற பிள்ளை என்றால் அந்த நேரத்தை இப்போதே மாற்றிவிடுங்கள்.